அடுப்போரம் வைத்த பேட்டரி

சென்ற வாரம் நனைந்த ரப்பர் செருப்பை அடுப்போரம் காயவைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றேன். எதிர்மலையில் மூடுபனி இறங்குவதைப் பார்த்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். (கவிமனம் என்று நான் சொல்வேன். என் மனைவி வேறு சொல் வைத்திருக்கிறாள்.) சற்று நேரத்தில் அந்த மணம் வந்தது. விறகுப் புகையோடு கலந்து, மெல்ல இளகுகிற ரப்பரின் மணம். மூக்கில் ஏறிய அந்த நொடியே, லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான ஒரு லயத்து வாசலில், ஊமையாகிப்போன ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு முன்னால், கையில் ஸ்பேனரோடு நான் மறுபடியும் நின்றுகொண்டிருந்தேன்.

தெரியாத காரியத்தில் சிறுவயதிலேயே பாராட்டு வாங்கியவன் உருப்படமாட்டான். இது என் அனுபவம்.

தொண்ணூறுகளில் எங்கள் லயத்தில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி ஒன்று எங்கள் காம்பராவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதும் அந்த ஒரே அறைக்குள் வந்து அடையும். படம் உச்சத்துக்கு வரும்போது பேட்டரி இறங்கத் தொடங்கும். திரை நாலு பக்கமும் சுருங்கும். வீராவேசமாக வசனம் பேசிக்கொண்டிருந்த கதாநாயகன் தீப்பெட்டி அளவாகி, தபால் முத்திரை அளவாகி, மறையப் பார்ப்பான். அப்போது நான் எழுந்து போவேன். பேட்டரியின் மூடிகளைத் திறந்து தண்ணீர் ஊற்றுவேன், முனைகளைச் சுரண்டுவேன், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவேன். திரை விரியும். ஏன் விரிந்தது என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் லயம் சொன்னது: "பேட்டரின்னா கணேசுதான்."

டோர்ச்சுக்குள் போடுகிற பேட்டரி செத்தால் வெயிலில் காயவைப்போம். எங்கள் மலையில் வெயில் பாதி வருஷத்துக்கு விருந்தாளி. அந்த மாதங்களில் அடுப்போரம் வைப்போம். சூடு பட்டால் செத்த பேட்டரிக்கும் கொஞ்சம் உயிர் வரும். என் மின்னியல் படிப்பு இவ்வளவுதான். இந்தப் படிப்போடுதான் இரண்டாயிரங்களின் பின்பாதியில், முப்பதை நெருங்கிய வயதில், தங்கையைப் பெண்பார்க்க வந்தவர்களின் வண்டியில் கைவைத்தேன்.

என் தங்கை புவனா தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். அப்பா இல்லாத வீடு. கொழும்பில் வேலை மாறி மாறி, எதிலும் ஒட்டாமல் ஊர் திரும்பி, வசனகவிதை எழுதிக்கொண்டிருந்த நான்தான் வீட்டுத் தலைவன். (வீட்டின் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும்.) அதற்கு முன்பும் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். வடை தின்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், "போயி சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். எங்களுக்கு எந்தச் சொல்லும் வந்து சேரவில்லை. இந்தத் தடவை வரப்போகிறவர் ஹட்டனில் போன் கடை வைத்திருக்கும் சந்திரன். துணிக்கடைக்கு வந்தபோது புவனா அவரைப் பார்த்திருக்கிறாள். அன்று காலை தலையைப் பின்னிக்கொண்டே அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னாள்: "இவங்களாவது போயி சொல்லி அனுப்புறோம்னு சொல்லாம இருக்கணும்மா."

தூறல். சந்திரனுடைய அத்தை திரீவீலில் வந்து இறங்கினார். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவர். அவர் வாயிலிருந்து வருவதே முடிவு. அவருக்குப் பின்னால், தேயிலை மலையின் வளைவுகளில், சத்தமே இல்லாமல் ஒரு ஸ்கூட்டர் ஏறி வந்தது. வெள்ளைச் சட்டையில் சந்திரன். அப்படி ஒரு வண்டியை எங்கள் தோட்டம் பார்த்ததில்லை. மூடுபனியே இரண்டு சக்கரம் பூட்டிக்கொண்டு வருவது போலிருந்தது. எங்கள் வாசலுக்கு வந்தது, ஒருமுறை நடுங்கியது, நின்றது.

"ஏம்ப்பா, வாசலுக்கு வந்து நின்னுருச்சே வண்டி. இது என்னா சகுனமோ!" என்றார் அத்தை.

"சகுனமில்ல அத்தே, மேடு. ஏறி ஏறிப் பேட்டரி எறங்கிருச்சு. கொஞ்ச நாளாவே தகராறு பண்ணுது" என்றார் சந்திரன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. உள்ளே கதவிடுக்கில் புவனாவின் கண் தெரிந்தது. சகுனத்தை உடைக்க ஒரே வழி, வண்டி இந்த வாசலிலிருந்தே ஓடிப்போக வேண்டும். நான் முன்னால் வந்தேன்.

"உள்ள உக்காருங்க. நான் பாக்குறேன்."

"பரவால்லைங்கண்ணே, ஹட்டனுக்குப் போயி காட்டிக்கிறேன்."

"பேட்டரிதானே? நான் பாக்காத பேட்டரியா!"

பெண் கேட்டு வந்த இடத்தில் பெண்ணின் அண்ணனிடம் "தொடாதே" என்று எந்த மாப்பிள்ளை சொல்லுவார்? பாவம், சாவியைக் கொடுத்தார்.

ஸ்பேனரை எடுத்துவந்து கால்வைக்கும் பலகையைக் கழற்றினேன். அடியில் நாலு கறுப்புப் பெட்டிகள், செங்கல் அடுக்கியது போல. தண்ணீர் ஊற்ற மூடியைத் தேடினேன். மூடியே இல்லை. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் பலாப்பழம் பார்ப்பது போல விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டது. (எல்லாமே மந்தமாகத்தான் கேட்டன. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.) அதைக் கழற்றி, பின்பக்கமாக அடுப்படிக்குத் தூக்கிப்போனேன்.

அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். "என்னடா இது?"

"பேட்டரிம்மா. குளிரு புடிச்சிருக்கு. சூடு காட்டுனா சரியாயிரும்."

"வடைச் சட்டிக்குப் பக்கத்துலயாடா?"

"மாப்புள வண்டியோடதும்மா."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா வடைச் சட்டியை மரியாதையோடு நகர்த்தி இடம் விட்டார். அவரும் பேட்டரிக்குச் சூடு காட்டி வளர்ந்தவர்தானே.

நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து, விருந்தாளிகளுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். புகையில்லாத, ஓசையில்லாத வாகனங்களின் எதிர்காலம் பற்றி ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன்.

அத்தை குறுக்கிட்டார். "தம்பி என்னா வேலைங்க?"

"எழுதுறேங்க."

"எங்க, தோட்டத்து ஆபீஸ்லயா?"

"இல்லங்க. பொதுவா."

அத்தை "ஓ" என்று சொல்லிவிட்டு மழையைப் பார்க்கத் திரும்பினார்.

புவனா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். குனிந்த தலை. பெண்பார்க்கும்போது எங்களவர்களுக்குள் பெண் பேசக்கூடாது, பையன் கேட்கக்கூடாது. தேத்தண்ணிக் கோப்பை மட்டும் கைமாறும். அவள் சந்திரனுக்கு முன்னால் வந்து நின்ற அந்த நேரத்தில்தான் அந்த மணம் வந்தது. சந்திரனின் மூக்கு உயர்ந்தது.

"அண்ணே, பேட்டரிய எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

"அடுப்போரம்."

"அடுப்போரமா?"

உள்ளே "டப்" என்றது. பேட்டரியின் மேல்தட்டு பறந்து, கூரைத் தகரத்தில் மோதி, வடைமாவில் விழுந்தது. "ஐயோ, மாவுல விழுந்துருச்சு!" என்று அம்மா கத்தினார். சந்திரன் பாய்ந்து உள்ளே போனார். கிடந்த சாக்கைப் போட்டு அந்தச் சனியனை வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். வாசலோரத்துத் தண்ணீர்க் கானில் வைத்துவிட்டு, அமிலம் பட்ட கையை உதறினார். "எரியுது... எரியுது..."

நான் நின்றேன். கவிமனம் நிற்கத்தான் செய்யும். புவனா தேத்தண்ணித் தட்டை என் கையில் திணித்தாள். சந்திரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். லயத்துக்கே தண்ணீர் தருகிற பீலிக்கு இழுத்துக்கொண்டு ஓடி, கொட்டுகிற தண்ணீரில் அந்தக் கையைப் பிடித்து வைத்தாள்.

"எடுக்காதீங்க! தண்ணிக்குள்ளயே வைங்க! சொல்றேன்ல?"

"சட்டையும் எரியிற மாதிரி..."

"அப்ப முழுசா நனைங்க! மாப்புளைன்னா நனையக்கூடாதா?"

அதுவரை தலை நிமிராத பெண். தோட்டமே கேட்கும் குரல். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊமைப்பெண் என்று நினைத்தாலும் கட்டுவார்கள். அதட்டுகிற பெண்ணைக் கட்டுவார்களா?

எப்படியாவது வண்டியையாவது ஓட்டிவிட வேண்டும். மூன்று பேட்டரி மிச்சமிருக்கிறதே! தட்டை இறக்கிவைத்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். வயர்களெல்லாம் சேறு பூசி ஒரே நிறமாகக் கிடந்தன. எது எங்கிருந்து வந்தது என்று கழற்றும்போது பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் மூடுபனியைப் பார்த்திருந்தேன். தோன்றியபடி முறுக்கினேன்.

ஒரு நீலப்பொறி. சீட்டுக்கு அடியில் முட்டை பொரிவது போன்ற சத்தம். பிறகு புகை, புகையில்லாத வாகனத்திலிருந்து கரும்புகை. அதோடு ஹார்ன் தானாக அலறத் தொடங்கியது. சத்தமே தெரியாத அந்த வண்டி, தன் உயிரில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் அழுதது. லயத்து நாய்கள் கூடவே ஊளையிட்டன. காம்பராக் கதவுகள் வரிசையாகத் திறந்தன. "பேட்டரி கணேசு ஏதோ பண்ணிக்கிட்டிருக்கான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஹார்ன் இழுத்து இழுத்து மெலிந்து, கடைசியில் ஒரு விக்கலோடு ஓய்ந்தது.

அதற்குப் பிந்திய அமைதியை நான் எத்தனையோ முறை எழுதப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. மழை மட்டும் பெய்தது. தேயிலை மீது, தகரத்தின் மீது, செத்த வண்டி மீது, என் மீது. அப்பா இருந்திருந்தால் அந்த ஸ்பேனரை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பார். அவர் இல்லாத இடத்தில் நான் இருந்ததுதான் புவனாவின் தலையெழுத்து. நான் அவளுக்காகச் செய்த ஒரே காரியம் இது. இனி எந்த மலையிலிருந்து யார் ஏறி வருவார்கள்? வந்தாலும், என்னை எந்தக் காம்பராவில் பூட்டி வைப்பது?

(இன்றும் தங்கை வீட்டுக்கு நான் போனால் அவள் மகள் முதல் காரியமாக டீவி ரிமோட்டை எடுத்து ஒளிப்பாள். "மாமா வந்துட்டாரும்மா, அடுப்ப அணைச்சிரு!" கரண்ட் போனால் வீடே என்னைத்தான் பார்க்கும்.)

சந்திரன் பீலியிலிருந்து வந்தார். முழுக்க நனைந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் எலி கொறித்தது போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. கையில் புவனாவின் தாவணியைக் கிழித்துக் கட்டிய கட்டு. அத்தை அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். புவனாவைப் பார்த்தார். என்னை ஏனோ பார்க்கவேயில்லை. பலகாரத்தில் ஒன்றைக்கூட அவர் தொட்டிருக்கவில்லை. அம்மா அவசரமாகப் பழைய தாளில் வடையைச் சுற்றி அவர் கையில் திணித்தார்.

"வர்றோம்ங்க" என்றார் அத்தை. பிறகு நாங்கள் பயந்ததைச் சொன்னார். "போயி சொல்லி அனுப்புறோம்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். புவனா ஈரப் பாவாடையோடு இஸ்தோப்பு ஓரம் நின்றாள். அவளைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

திரீவீல் கிளம்பத் தயாரானது. அதன் மழைப்படுதாவை விலக்கிக் குனிந்தேன்.

"வண்டிய லொறியில ஏத்தி ஹட்டனுக்கு அனுப்பிர்றேங்க. நாளைக்கே."

உள்ளே அத்தை தாளைப் பிரித்து வடையில் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றைச் சந்திரனிடம் நீட்டினார். அவர் அதை வாங்காமல் என் தோளுக்கு மேலாக இஸ்தோப்பைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"வேணாம் மச்சான், இங்கயே கெடக்கட்டும். தீவாளிக்குள்ள நானே வந்து பாத்துக்கிறேன். அது வரைக்கும் நீங்க மட்டும் அதுகிட்டப் போயிராதீங்க."