ஒன்றுவிட்ட குழாய்வாசிகள்

வகைபிரிப்பான் என்றொரு மனித இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒன்றாவது குடியிருக்கும். "மழை பெய்யுது" என்றால் "மழை இல்ல, தூறல்" என்பார். நீங்கள் தூறலுக்கு ஒப்புக்கொள்வதற்குள் அதைச் சாரலுக்கு மாற்றியிருப்பார். சட்டைகளை நிறம் பார்த்து அடுக்குவதா, கை நீளம் பார்த்தா என்று முடிவாகாமல் அத்தனையும் நாற்காலியில் குவிந்து கிடக்கும். உட்கார இடம்? கிடையாது.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்ட ஒருவர் கடல் உயிரின ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. கடலடிச் சிப்பிகளில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்து கட்டிய குழாய்களுக்குள் கூட்டமாக வாழும் கடுகினும் சிறிய பிராணிகள்தான் அவர் உலகம். அவற்றை ஒரு காலத்தில் பாசிபோல் படரும் வேறு பிராணிகளோடு சேர்த்தார்கள். பிறகு அங்கிருந்து கிளப்பினார்கள். கடைசியில், பூண்டோடு அழிந்ததாக நம்பிப் பாறைக்குள் புதைபடிவமாக மட்டுமே தேடிவந்த ஒரு பழங்குலத்தின் வாரிசு இவைதான் என்றார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குப் புல்லரிக்கும். கேட்பவருக்கு பஸ் வந்துவிடும்.

மகளுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த அன்று மனைவி எச்சரித்தார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் புழுப் பேச்சு வேண்டாம்."

"அது புழு இல்ல."

"பாத்தீங்களா!"

பாவம், வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சு எல்லாம் கூடிவந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் எங்களோடுதான் இருக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தனியாகத்தான் இருப்போம் என்றாள் மகள். மாப்பிள்ளை தேநீரை உற்றுப் பார்த்தான். சம்பந்தி அம்மா கோபத்தில் விஞ்ஞானியின் அலமாரியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து, அதன் பழுப்புப் படலத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"ஐயோ, சுரண்டாதீங்க! அவங்க நமக்குச் சொந்தக்காரங்க!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு வழிச் சொந்தம்?" என்று கேட்டார் சம்பந்தி அம்மா. கேலி இல்லை. எந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். விஞ்ஞானிக்கு உச்சி குளிர்ந்தது. இந்த அம்மாவும் நம் இனம்!

"முதுகெலும்பு இருக்கற நம்ம எல்லாருக்குமே தூரத்துப் பங்காளி. நட்சத்திர மீனுக்கு இன்னும் நெருக்கம்."

"இத்தனை பேரும் யாரு பிள்ளைங்க?"

"முதல்ல ஒருத்தர் வந்து ஒட்டிக்குவார். அவர்கிட்டேர்ந்து மொட்டு விட்டு மொட்டு விட்டு மிச்சப் பேரும். எல்லாரையும் அடியில ஒரே தண்டு இணைக்குது."

"பாத்தியா, கூட்டுக் குடும்பம்!" என்று மகள் பக்கம் திரும்பினார் சம்பந்தி அம்மா.

மகள் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியைப் பிடுங்கிச் சிப்பிமேல் குனிந்தாள். "ஆளுக்கொரு குழாய் இருக்கே, அப்பா? தனி வாசலோட?"

"இருக்கும்மா."

"அப்ப தனிக்குடித்தனம்!"

"எந்த வகைன்னு நீங்களே சொல்லிடுங்க, சம்பந்தி."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது. வாழ்நாளில் 'ரெண்டும்தான்' என்று சொன்ன நாக்கு இல்லை அது. அப்படி எழுதிய மாணவர்களைச் சிவப்பு மையால் குதறியிருக்கிறார். மகள் கண்ணாடியை அவரிடமே நீட்டினாள்.

"ரெண்டும்தான்."

"அதெப்படி?"

"தண்டு ஒண்ணு. வாசல் வேற. அவங்கவங்க குழாய் அவங்கவங்களுக்கு."

சம்பந்தி அம்மா சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க மாடி காலியாத்தான் கிடக்கு. வெளிப்பக்கமா ஒரு படி வெச்சுடலாம்."

மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தான். "தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கணும்மா."

வீடே சிரித்தது.

"கீழேர்ந்து கூப்பிட்டா காதுல விழும்ல?" என்றார் சம்பந்தி அம்மா.

"விழும், அத்தை" என்றாள் மகள்.

அத்தை! முடிந்தது காரியம். பிள்ளைகள் இருவரும் பால்கனிக்கு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், விஞ்ஞானியும் சம்பந்தி அம்மாவும் நட்சத்திர மீனை மாமன் முறையில் வைப்பதா, சித்தப்பன் முறையில் வைப்பதா என்று மேசையைத் தட்டித் தட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இதுவரை படித்ததைக் கதையில் சேர்ப்பதா, கட்டுரையில் சேர்ப்பதா என்று நடுவில் யோசித்தீர்களா? இல்லையா? நல்லது. அப்படியானால், "ரெண்டும் இல்ல, இது நடைச்சித்திரம்" என்று இப்போது முணுமுணுத்தது யார்?