டாங்கிக்கு வைத்த பொட்டு

பக்தி வந்தால் எனக்குப் புத்தி லீவு போட்டுவிடும். என் வீட்டுக்காரர் இதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு தடவைதான், வால்ட்டர் அங்கிளின் காமிக்ஸ் விவகாரத்தில்.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. எண்பதைத் தாண்டியவர், மகன் வெளியூரில், தனியாக இருப்பவர். அவரும் ராணுவம், அவர் அப்பாவும் ராணுவம். வீடு முழுக்க அந்தக் காலத்துப் போர் சாமான்கள்: சிப்பாய் படம் போட்ட தகர டப்பா, போஸ்டர், பேட்ஜ், அலமாரி நிறைய காமிக்ஸ். (என் வீடாக இருந்தால் என்றைக்கோ எடைக்குப் போட்டிருப்பேன்.)

அதில் ஒரு காமிக்ஸ் மட்டும் அவருக்கு உயிர். அட்டையில் ஹெல்மெட் போட்ட ஒரு வீரன் பறந்து வந்து எதிரி டாங்கியின் மூக்கில் குத்துவான். ஓரத்தில் பென்சிலால் ஐந்து பெயர்கள். இரண்டாம் உலகப் போருக்குக் கப்பலில் போனபோது அவர் அப்பாவும் நான்கு நண்பர்களும் போட்ட கையெழுத்து. அதில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

நவம்பரில் வரும் வெட்டரன்ஸ் டேக்கு, அதாவது முன்னாள் ராணுவத்தினர் தினத்துக்கு, எங்கள் ஊர் லைப்ரரியில் ஒரு கண்காட்சி. அந்த அட்டையை ஸ்கேன் பண்ணிப் பெரிய போஸ்டராகப் போட்டுத்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தேனா? "எங்கிட்ட நல்ல ஸ்கேனர் இருக்கு அங்கிள், நான் பண்றேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பச்சைக் குழந்தையைத் தருவது போலத் தந்தார். "ஈரக் கையால தொடாதே. வெயில்ல வைக்காதே. காபி பக்கத்துல வைக்கவே வைக்காதே." (அவர் பேசியது இங்கிலீஷ், நான் சொல்வது தமிழ்.) குங்குமத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு அவர் மேல்தான் என்று ரொம்ப நாள் வீட்டில் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அன்றைக்கே ஸ்கேன் பண்ணியிருக்கலாம். ஆனால் நாலு நாளில் விஜயதசமி. நல்ல காரியத்தை நல்ல நாளில் ஆரம்பிப்போமே என்று தள்ளிப்போட்டேன். நான் ஈரோட்டுக்காரி, இதிலெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. மகள் நிலாவின் மேத்ஸ் புத்தகம், இரண்டு லேப்டாப், கார் சாவி, மிக்ஸி ஜார் எல்லாவற்றையும் அடுக்கினேன். மரியாதைக்குரிய புத்தகமாச்சே என்று வால்ட்டர் அங்கிளின் காமிக்ஸையும் மேலே வைத்தேன். காதில் ஹெட்செட், மறுமுனையில் ஈரோட்டிலிருந்து என் அக்கா, கையில் சந்தனக் கிண்ணம். கை பாட்டுக்கு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனது. காமிக்ஸ் வந்ததும் நின்றேன். பிளாஸ்டிக் உறை மேல் வைத்தால் பொட்டு அந்த உறைக்குத்தானே சேரும்? பத்திரமாக உறையைக் கழற்றினேன்.

வீரனின் நெற்றியில் ஒரு சந்தனம், நடுவில் குங்குமம். அம்சமாக இருந்தான். அன்றைக்கு ஆயுத பூஜையும்தானே, டாங்கியை விட்டுவிட்டால் எப்படி? அதற்கும் ஒன்று. அக்கா போனில் "பாத்து நெறைவா வை" என்றாள். ஓரத்திலும் ஒன்று வைத்தேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, ஸ்கேனரைத் துடைத்துவிட்டு, காமிக்ஸை எடுத்தபோதுதான் புத்தி டியூட்டிக்குத் திரும்பியது. ஐயையோ! சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அடியில் எண்பது வருஷக் காகிதம் ஊறிப் பொருமியிருந்தது. பதறிப்போய் ஈர டிஷ்யூவால் ஒரு துடை துடைத்தேன். வீரன் முகமெல்லாம் ரத்தக் களறி.

"அம்மா, ஸ்டாப்! டோன்ட் ரப் இட்!" நிலா ஓடி வந்து கையைப் பிடித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு ஓரத்தைக் காட்டினாள். அங்கே வைத்த பொட்டு பரவி, எட்டி என்ற பெயரின் பாதியைச் சிவப்பாக்கியிருந்தது. எட்டி, வராமல் போன இரண்டு பேரில் ஒருவர்.

"ஏனுங்க, இப்ப என்ன பண்றது?"

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஊரக் காலி பண்ணிரலாம். டெக்சாஸ்ல வேலை கெடைக்கும்."

அப்புறம் அவரே, "போய்ச் சொல்லிரு. நாள் ஆக ஆகத்தான் கஷ்டம்" என்றார். ஒரு கையில் காமிக்ஸ், ஒரு கையில் சுண்டல் டப்பாவோடு கீழே போனேன். (துக்கம் சொல்லப் போகிறவள் சுண்டல் எதற்குக் கொண்டுபோனேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

வால்ட்டர் அங்கிள் அட்டையைப் பார்த்தார். "இது என்ன?"

"மரியாதை அங்கிள். எங்க வழக்கம். நாங்க கும்பிடற புத்தகத்துக்கு வைப்போம்."

"டாங்கிக்குமா?"

"அது… ஆயுதத்துக்கும் உண்டு."

அவர் சிரிக்கவில்லை. விரலால் அந்தச் சிவப்பைத் தடவி, "எட்டி" என்றார். பிறகு காமிக்ஸையும் சுண்டலையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை, சத்தமே வராமல் சாத்தினார். படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்று வாரம் பேச்சு இல்லை. மெயில் பாக்ஸ் பக்கம் அவர் வந்தால் நான் குப்பை போடுகிற பக்கம் ஒளிந்துகொள்வேன். கண்காட்சிக்குப் போகவே கூடாது என்றிருந்தேன். நிலாதான், "யூ ஹேவ் டு கோ, அம்மா" என்று இழுத்துப்போனாள்.

போஸ்டர் கிடையாது. அதற்குப் பதில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே காமிக்ஸ், அதே சந்தனம், அதே குங்குமம். பழைய காமிக்ஸ் சேகரிக்கிற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "அடப் பாவமே, நாசமாகிவிட்டதே! இதை இனி எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார்" என்றார். எனக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

"அதைத்தான் என் மகன்கிட்டயும் சொன்னேன்," பின்னாலிருந்து வால்ட்டர் அங்கிளின் குரல். என் பக்கம் திரும்பினார். "நான் போனதும் இதை விக்கணும்னு வாங்கற ஆளையே பேசி வெச்சிருந்தான். போன வாரம் போட்டோ அனுப்பினேன். அந்த ஆள் வேண்டாம்னுட்டானாம். இனி இது எங்கேயும் போகாது, வீட்டுலயே இருக்கும்."

"எட்டி பேரு அங்கிள்…" என்று இழுத்தேன்.

"எட்டிக்குக் குடும்பம் கிடையாது. இத்தனை வருஷத்துல அவன் பேருக்கு யாரும் ஒரு பூ வெச்சதில்லை. முதல்ல செஞ்சது நீதான், அதுவும் தெரியாம." பிறகு, "எனக்குக் கோபம் போகலை. ஆனா அந்தச் சுண்டல் நல்லா இருந்தது" என்றார்.

அவர் கோபம் போக கிறிஸ்துமஸ் வரை ஆனது. இப்போது ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு மாடி ஏறி வருகிறார், அவர் ஊன்றி நடக்கிற வாக்கரை நிலா தூக்கிவர, அதற்குப் பொட்டு வைத்துக்கொள்ள. காகிதம் எதையும் கையில் கொண்டுவருவதில்லை.

எங்கள் வீட்டில் 'பொட்டு வைப்பது' என்றால் ஆசை ஆசையாக ஒன்றை நாசம் பண்ணுவது என்று அர்த்தமாகிவிட்டது. என் வெண்பொங்கல் அடிப்பிடித்தால் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்து, "பொட்டு வெச்சுட்டியா?" என்கிறார். போன மாதம் நிலாவுக்கு லைசென்ஸ் வந்தது. அப்பாவுக்கு சர்ப்ரைஸாக காரைக் கழுவிக் கொண்டுவருகிறேன் என்று போனவள், அரை மணியில் போன் பண்ணினாள். எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவாள். அன்றைக்குச் சுத்தத் தமிழில், ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, காருக்குப் பொட்டு வெச்சுட்டேன்."