பன்னிரண்டு பங்கும் ஒரு ஃபேனும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் என் இடது முழங்காலும் ஓரளவு சௌக்கியம். அங்கே நீங்களும் பாப்பாவும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாப்பா இந்நேரம் போன் செய்திருப்பாள்.

நிற்க. நீங்கள் தொடங்கப்போகும் பல் மருத்துவமனைக்கு, நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்கும் அந்தப் பெரிய நாற்காலியை நான் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தேன் அல்லவா? அதற்காகச் சைக்கிள் மணி கம்பெனியில் எனக்கிருக்கும் பங்கை விற்கச் சொன்னீர்கள். "விக்கறதுக்கு முன்னாடி ஒரு மதிப்புப் போட்டுக்குங்க மாமா" என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு ஒரு மாதமாகப் பகல் தூக்கம் போயிற்று.

கம்பெனியின் கதை உங்களுக்குத் தெரியாது. அதை நடத்தும் அண்ணன் தம்பி இருவரும் முதன்முதலில் நம் வீட்டுக் கார் ஷெட்டில்தான் மணி செய்தார்கள். நம்மிடம் என்றைக்கும் கார் இருந்ததில்லை, ஷெட் மட்டும்தான். இரண்டு வருஷ வாடகைக்குப் பதிலாக எனக்கு நூற்றில் பன்னிரண்டு பங்கு எழுதிக் கொடுத்தார்கள்; மீதி ஆளுக்கு நாற்பத்துநான்கு. இன்றைக்குச் சொந்தக் கட்டடம், முப்பது ஆட்கள், எல்லாம் இருக்கிறது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு மட்டும் இல்லை. அண்ணனுக்கு மின்சார ஹாரன் செய்ய ஆசை. தம்பி "மணிதான் நம்ம பொழப்பு" என்கிறார். ஆபீஸ் அறைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு அடித்துவிட்டார்கள். அடித்த பிறகு பார்த்தால் சீலிங் ஃபேன் அண்ணன் பக்கம், ஸ்விட்ச் தம்பி பக்கம். ஃபேன் சுற்றி எட்டு மாதம் ஆகிறது.

மதிப்புப் போட ஒருவரைப் பிடித்தேன். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குத் தனிக் கட்டணம் என்பது போல முகம். மூன்று நாள் கம்பெனியைச் சுற்றி வந்து, ஒரு மணியையும் விடாமல் அடித்துப் பார்த்து, முழுக் கம்பெனியும் ஒரு கோடி போகும் என்றார். அப்படியானால் எனக்குப் பன்னிரண்டு லட்சம் என்று நான் எழுந்து கைகுலுக்கப் போனேன். "உக்காருங்க சார்" என்றார். "பன்னிரண்டு பங்கை வச்சுக்கிட்டு அந்த ஆபீஸ்ல ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்த முடியாது. சின்னப் பங்குன்னா முப்பது சதவீதம் தள்ளுபடி."

"நான் ஏங்க ஸ்டூலை நகர்த்தணும்?"

"அதான் சார், நகர்த்த முடியாதே! இன்னொண்ணு, கம்பெனி விதிப்படி முதல்ல அவங்க ரெண்டு பேருக்குத்தான் விக்கக் கேக்கணும். சந்தையில கூவி விக்க முடியாத சரக்கு. அதுக்கு மிச்சத்துல ஒரு கால்வாசி கழிச்சுக்குங்க."

ஆறு லட்சத்து முப்பதாயிரம். அதற்கு உங்கள் நாற்காலியில் கைப்பிடி வரைக்கும்தான் வாங்கலாம். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. (இரவு சாப்பிட்டேன்.)

போன வியாழக்கிழமை கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். அதே அறை. தடுப்பின் முனையில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். வலது கண்ணுக்கு அண்ணன் தெரிவார், இடது கண்ணுக்குத் தம்பி. மதிப்புப் போட்டவரும் என் பின்னால் நின்றார். ஹாரன் இயந்திரம் வாங்கலாமா என்று தீர்மானம். அண்ணன் சரி என்று கை தூக்கினார். தம்பி கூடாது என்றார். எனக்கோ சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஃபேனைப் போடச் சொல்லலாமென்று கையைத் தூக்கினேன். "பெரியவர் கை தூக்கிட்டாரு! ஐம்பத்தாறு! பாஸ்!" என்று அண்ணன் குதித்தார். "நான் ஃபேனைப் போடச் சொல்லத்தாங்க தூக்கினேன்" என்றேன். "அப்ப என் பக்கம்! ஸ்விட்ச் என் பக்கம்தான் இருக்கு!" என்று தம்பி குதித்தார். ரகளையில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மதிப்புப் போட்டவர் முதல் தடவையாகச் சிரித்து, என் காதில், "சார், தள்ளுபடிய மறந்துடுங்க. நீங்க எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கம்பெனி" என்றார்.

மாப்பிள்ளை, அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடப்பதை என்னவென்று சொல்வேன்! வெள்ளிக்கிழமை காலை அண்ணன் வந்து பன்னிரண்டு லட்சம் என்றார். போகிறபோது நம் சமையலறைக் குழாயின் ஒழுக்கையும் தன் கையாலேயே சரிசெய்துவிட்டுப் போனார். சாயங்காலம் தம்பி வந்து பதினைந்து என்றார்; ஏணி கேட்டு வாங்கிப் பரணைச் சுத்தம் செய்தார். சனிக்கிழமை அண்ணன் பதினெட்டு, ஜன்னலுக்குப் பெயின்ட். நான் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். இருபத்தைந்து வரும்வரை யாருக்கும் பிடிகொடுக்கப் போவதில்லை. இன்னும் மொட்டைமாடி ஒழுகுகிறது. ஆகவே நாற்காலிக்கு அவசரப்பட வேண்டாம். வந்தால் தங்கக் கைப்பிடியோடு வரும். உங்கள் மாமியார் மட்டும் எதற்கோ முறைத்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு வியாபாரம் புரியாது.

உங்கள் கைராசி பெருகி, ஊரிலுள்ள பல்லெல்லாம் உங்களைத் தேடி வந்து, இருவரும் நீண்ட ஆயுளோடு சிரித்திருக்க வாழ்த்தும்,
மாமனார்

பி.கு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் இருவரும் ஒரே சமயத்தில் வந்து வாசலில் முட்டிக்கொண்டார்கள். உங்கள் மாமியார் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்தாள். "இவர் ஒருத்தருக்கு வித்தா இன்னொருத்தர் தெருவுலதான் நிக்கணும். அது இந்த வீட்டுக்கு வேணாம். ஆளுக்கு ஆறு பங்கு. பங்குக்கு ஒரு லட்சம். தள்ளுபடியும் கிடையாது, ஏலமும் கிடையாது. பாதிப் பாதின்னா பேசித்தானே ஆகணும், பேசுங்க" என்றாள். அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "அக்கா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் தம்பி. "அன்னிக்கு என்னை யார் கேட்டீங்க?" என்றாள். இருவரும் ஒரே ஸ்கூட்டரில், வாயை மூடாமல் பேசிக்கொண்டு போனார்கள். தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கென்று தெரியவில்லை, எனக்கும் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. பன்னிரண்டு லட்சத்துக்கான செக் இத்துடன் இருக்கிறது. விற்றதில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. பேனாகூட அவளுடையது.