ஒன்பது முட்டையும் ஒரு நேர்த்திக்கடனும்

பொய் சொல்வது பாவமா இல்லையா என்பதைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அது அலுப்பு பிடித்த வேலை என்பதை மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியும். என் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுதான் பெரியது. (என் மனைவியின் கணக்கு வேறு.) அந்த ஒன்றைக் கட்டிக் காப்பாற்றியதில் வந்த அசதி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில், கோர்படி பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று படிவங்களில் எழுதுவேன், அத்தோடு சரி. மனைவி பேச்சியம்மாள் அந்த மண்ணிலிருந்தே வந்தவள். அந்த வருஷம் எங்கள் மகள் செல்விக்கு டைபாய்டு வந்தது. பத்து வயதுப் பிள்ளை, மூன்று வாரம் கண் திறக்காமல் கிடந்தாள். பேச்சி சுடலைமாடனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். கடையில் வாங்கிய சேவல் ஆகாது. பிறந்த வீட்டுக் கோழி போட்ட முட்டையை எங்கள் வீட்டில் அடை வைத்து, பொரித்து, கையால் தீனி போட்டு வளர்த்த சேவலை அடுத்த சித்திரையில் ஊர்க் கோயில் கொடைக்குக் கொண்டு வருவதாக வாக்கு. மாடன் தன் பங்கைச் செய்துவிட்டார். செல்வி எழுந்து நடந்தாள். மீதி எங்கள் பொறுப்பு.

கொல்லைப்புறத்தில் ஏற்கெனவே ஒரு கறுப்புக் கோழி இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் அது அடைக்கு உட்கார்ந்தது. பேச்சி உடனே தன் அண்ணனுக்குப் போன் போட்டு முட்டை அனுப்பச் சொன்னாள்.

"இந்தக் கோழி போட்ட முட்டையே இருக்கே, அதை வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"சேவல் மிதிக்காத முட்டை எப்படிங்க பொரியும்? அது பொரியலுக்குத்தான் ஆகும்."

பேப்பர் படித்துக்கொண்டே தலையாட்டினேன். எனக்கு முட்டை என்றால் கடையில் அட்டையில் அடுக்கி வைத்திருப்பது. அதற்கு ஒரு தகப்பன் வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

லீவு முடிந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர், இரண்டு ராத்திரி ரயிலில் மடியில் வைத்தபடி, பதினோரு முட்டைகளைப் புனேக்குக் கொண்டுவந்தார். பிஸ்கட் டப்பாவில் உமி நிரப்பி உள்ளே புதைத்திருந்தார்கள். ஸ்டேஷனில் என் கையில் கொடுக்கும்போது, "மாப்ள, பச்சப் பிள்ளையத் தூக்குத மாதிரி கொண்டு போங்க" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இயல்பாகக் கொண்டுபோயிருப்பேன்.

ஸ்கூட்டரின் முன் கொக்கியில் டப்பாவைத் தொங்கவிட்டு, வேகத்தடைகளில் ஏறக்குறைய இறங்கி நடந்து, கோர்படி ரயில்வே கேட் வரை வந்துவிட்டேன். கேட் மூடியிருந்தது. மணி பன்னிரண்டு. கோர்படி கேட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது ஒருமுறை மூடினால் ஒரு தூக்கம் போட்டு எழலாம். டப்பாவைத் தொட்டால் சுட்டது. முட்டை உள்ளேயே வெந்துவிடும் என்று பயந்தேன். நிழல் தேடினேன். உச்சி வெயிலில் ஸ்கூட்டரின் நிழல் ஸ்கூட்டருக்கு அடியில்தான் இருக்கும். ஸ்டாண்டு போட்டு, டப்பாவை அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் பத்திரமாக வைத்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

கேட் திறந்தது. எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். "அரே சல் னா பாய்!" என்று, கிளம்பச் சொல்லி ஒரு ரிக்‌ஷாக்காரர் கத்தினார். பதறிப்போய் வண்டியை ஸ்டாண்டிலிருந்து முன்னால் தள்ளினேன்.

சக்கரம் எதன்மேல் ஏறியது என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

டப்பாவின் ஒரு மூலையில் இரண்டு முட்டைகள் பிழைத்திருந்தன. மற்ற ஒன்பதும் உமியோடு கலந்து கொழகொழவென்று கிடந்தன. வீட்டில் பேச்சி கூடையில் வைக்கோல் பரப்பி, சாம்பிராணி போட்டுக் காத்திருப்பாள். நேரே போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். மனிதனாகப் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். நான் மார்க்கெட்டுக்குப் போனேன்.

"காவ்ரான் அண்டி ஆஹேத் கா?" என்று கேட்டேன். காவ்ரான் என்றால் மராத்தியில் நாட்டு ரகம், அண்டி என்றால் முட்டை. நாட்டுக்கோழி என்றால் சேவலோடு திரிந்திருக்கும், அப்படியென்றால் பொரியும் என்று வழியெல்லாம் ஆராய்ச்சி செய்திருந்தேன்.

"ஏக்தம் ஒரிஜினல், சாஹேப்", சுத்த அசல் என்று சொல்லிக் கடைக்காரர் பழுப்பு நிறத்தில் ஒன்பது முட்டைகளை எடுத்து வைத்தார்.

வீட்டில் பேச்சி முட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தாள். "டப்பா எங்க?" என்றாள்.

"அவரே திருப்பிக் கேட்டார்" என்றேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. இடி இடித்தால் முட்டைக்குள் குஞ்சு கலங்கிவிடும் என்று கூடையில் ஓர் இரும்பு போல்ட்டும் இரண்டு கரித்துண்டும் போட்டாள். பதினொன்றையும் அடுக்கி, கோழியை உட்கார வைத்தாள். பிறகு என் கையில் ஓர் ஓலை விசிறியைக் கொடுத்தாள். "வெக்கையில கோழி வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு. வேலை முடிஞ்சு வந்ததும் கொஞ்சம் வீசுங்க."

அந்த மே மாதம் புனேக்கே பழக்கமில்லாத புழுக்கம். மேகம் திரளும், மழை வராது. ஷிப்டு முடிந்து, வியர்வையோடு வந்து, கொல்லையில் தகர ஷீட்டுக்குக் கீழே குந்தி ஒரு கோழிக்கு விசிறுவேன். அது நன்றி கெட்ட கோழி. கை சற்று நெருங்கினால் கொத்தும். கோழிப்பேன் என் சட்டைக்குள் குடியேறியது. பக்கத்தில் பேச்சி உட்கார்ந்து, "பதினொன்னுல ஒரு அஞ்சாவது சேவலா இருக்காதா? நல்லதாப் பாத்து மாடனுக்கு விடலாம்" என்பாள். ஜுரத்தில் முடி உதிர்ந்து மொட்டையடித்திருந்த செல்வி, "அப்பா, முர்கி அந்தர் என்ன செய்யுது?" என்று, கோழி உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பாதி இந்தியில் கேட்பாள். நான் விசிறிக்கொண்டே இருப்பேன். தினமும் சொல்லிவிடலாம் என்று உட்காருவேன், தினமும் சொல்லாமல் எழுந்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கோடை மழை இடியோடு கொட்டியது. நான் நனைந்தபடி வந்து கொல்லைக்குப் போனேன். கோழி ஒரு மூலையில் கோபமாக நின்றது. பேச்சி கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஷீட்டு ஒழுகி முட்டையெல்லாம் நனைஞ்சிட்டு. இந்தத் துணிய வச்சுத் தொடச்சுக் குடுங்க."

பழைய வெள்ளை வேட்டித் துணி. முதல் முட்டையைத் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதைத் துடைத்தபோது துணியில் பழுப்பாக ஒட்டியது. மூன்றாவது பாதி வெள்ளையானது. மூக்கருகில் கொண்டுபோனேன். தேயிலை வாசம். பண்ணை முட்டையை டீத்தண்ணீரில் ஊறப்போட்டு எனக்கு விற்றிருந்தார் அந்த ஏக்தம் ஒரிஜினல்காரர்.

"ஏங்க, எங்க ஊருக் கோழி முட்டை சாயம் போவுமா?" என்றாள் பேச்சி.

"ரயில் புகையா இருக்கும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். செல்வியும் வாசற்படியில் நின்று பார்த்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேட், நிழல், சக்கரம், மார்க்கெட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பிள்ளைக்காக நேந்தது. ஒடஞ்சிட்டுன்னு வந்து சொன்னா நான் உங்களக் கொன்னா போடுவேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது.

சாயம் போன ஒன்பதும் வெளியே போயின. மிச்ச இரண்டையும் கோழி விடாமல் காத்தது, நானும் விடாமல் விசிறினேன். இருபத்தோராம் நாள் ஒன்று கூழாகிப் போயிருந்தது. மற்றதில் ஓட்டைக் கீறிக்கொண்டு ஈரமாக ஒரு குஞ்சு வெளியே வந்தது. அது சேவலா பெட்டையா என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. கொண்டை சிவந்த அன்று பேச்சி அழுதாள். சித்திரையில் அந்தச் சேவலைக் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுபோய் நேர்ச்சையைச் செலுத்தினோம். செல்வி கறியைத் தொடவில்லை. நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பதிமூன்று வருஷம் கழித்து செல்வி கல்யாணமாகி, புனேயிலேயே கோந்த்வாவில் குடியேறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளைக்கு இந்தக் கதையை நானே விஸ்தாரமாகச் சொன்னேன். "அந்த மழை மட்டும் ஒழுகாம இருந்தா உங்க அத்தை கண்டுபிடிச்சிருக்கவே மாட்டா" என்று முடித்தேன்.

பேச்சி அப்பளம் பொரித்துக்கொண்டே, "மழை எங்க ஒழுகுச்சு?" என்றாள்.

"ஷீட்டு ஒழுகுச்சுன்னு நீதானே சொன்னே?"

"கையில வாங்குனதுமே தெரிஞ்சிட்டு. நாட்டு முட்டை என் உள்ளங்கையில அடங்கும், அந்த ஒம்பதும் அடங்கல, விரல்ல சாயம் வேற ஒட்டுச்சு. கூடை நெறைய இருந்தா கோழி நல்லா ஒக்காருமேன்னு விட்டேன். நீங்களாச் சொல்லுவியன்னு பன்னெண்டு நாள் பாத்தேன். சொல்லுத வழியக் காணோம். அதான் அன்னைக்கு நானே ஒரு சொம்புத் தண்ணிய ஊத்துனேன்."

மாப்பிள்ளை சிரித்ததில் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. செல்விக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. அன்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தானாம். பத்து வயதில், எழுந்து நடக்கத் தொடங்கிய பிள்ளை, அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துப் பதிமூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு நாளே தாங்கவில்லை.

இப்போதெல்லாம் டாக்டர் என்ன சொன்னார், சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும்போது நான் கொஞ்சம் தயங்கினால் போதும், போனிலேயே மாப்பிள்ளை "சொம்பு எடுக்கவா மாமா?" என்கிறார். எடுக்க வேண்டாம் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் என்னால் இன்னொரு முட்டையை அடைகாக்க முடியாது.