ஒத்துதோ அண்ணையும் இரண்டு புத்தகங்களும்

மனிதரை நம்பாதவர்கள் எங்கள் குடாநாட்டில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். ஆனால் எழுதிவைத்த எதையும், அதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கும்வரை, நம்புவதில்லை என்று வாழ்ந்தவர் ஒத்துதோ அண்ணை ஒருவர்தான். தான் பிறந்ததைக்கூட, பிறப்புச் சான்றிதழையும் சாதகக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அவர் ஒப்புக்கொண்டதாகக் கதை.

சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எனக்கு அவருடைய எதிர்மேசை. புத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். மெலிந்த மனிதர். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

கிராம அலுவலரான விதானையாரிடம் ஊரிலுள்ள குடும்பங்களின் பதிவேடு இருந்தது. எங்களிடம் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வாங்கும் பங்கீட்டு மட்டைகளின் பதிவேடு இருந்தது. மாதாமாதம் இரண்டையும் ஒத்துப் பார்ப்பது அண்ணையின் வேலை. மற்றவர்களென்றால் இரண்டையும் விரித்துவைத்துக் கண்ணை மேயவிட்டு எழும்பிவிடுவார்கள். அண்ணையின் கிரியை வேறு. நான் விதானையாரின் புத்தகத்தை உரக்க வாசிக்க வேண்டும். அவர் எங்கள் புத்தகத்தில் தேடிப் பென்சிலால் சரி போடுவார். அவருடைய பக்கத்தை நான் எட்டிப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் "ஒத்துதோ?" என்று நான் கேட்க, "ஒத்துது" என்று அவர் சொல்ல வேண்டும். நான் கேட்க மறந்தால் அவரே கேட்டு அவரே பதில் சொல்லிவிடுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

மத்தியானத்துக்குள் தொண்டை வறண்டுவிடும். அப்பாடா என்று புத்தகத்தை மூடினால், மனிதர் புத்தகங்களை இடம் மாற்றி வைப்பார்.

"இனி நான் வாசிக்கிறன். நீர் போடும்."

"அண்ணை, எல்லாம் ஒத்துப் பாத்தாச்சே. பிறகும் ஏன்?"

"ஐசே, விதானையாற்றை புத்தகத்திலை இருக்கிறது எங்கடையிலை இருக்கோ எண்டுதான் இவ்வளவு நேரமும் பாத்தது. எங்கடையிலை இருக்கிறது அதிலை இருக்கோ எண்டு ஆர் பாக்கிறது? உம்மடை கொப்பரோ?"

என் தங்கையின் மகன் இப்போது வெளிநாட்டில் கணினி வேலை செய்கிறான். வெவ்வேறு தரவுத்தளங்களில் கிடக்கும் அட்டவணைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது எதில் இல்லை என்று கண்டுபிடிக்கிற வேலையாம். "ரெண்டு பக்கத்தாலயும் பாக்கவேணும் மாமா, இல்லாட்டிப் பாதி தப்பிப் போயிடும்" என்று பெரிய விஷயம்போல் சொன்னான். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்திலேயே இதற்காகத் தொண்டை கிழிந்தவன் நான் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

அந்த இரண்டாம் வாசிப்பில்தான் ஒருமுறை ஒரு செத்த மனிதர் அகப்பட்டார். விதானையார் அவர் பெயரை எப்போதோ வெட்டிவிட்டார். எங்கள் புத்தகத்தில் மட்டும் அவர் மாதாமாதம் சீனி வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணை நேரே செத்தவரின் வீட்டுக்குப் போனார். விதவை கதவு நிலையில் நின்றபடி கேட்டாராம்:

"அந்த மனுசன் சீனி இல்லாமல் வாயிலை ஒண்டும் வையாது. படத்துக்கு முன்னாலை வைக்கிற தேத்தண்ணிக்கும் கணக்குப் பாக்கிறியளோ?"

அண்ணை திரும்பி வந்து பெயரை வெட்டினார். வெட்டியது வெட்டியதுதான். ஆனால் அன்றிலிருந்து அவர் தேநீருக்குச் சீனி போட்டதில்லை.

தேநீர்க்கடையிலும் அவரால் சும்மா இருக்க முடியாது. பலகையில் எழுதியிருப்பதையும் கண்ணாடி அலுமாரியில் இருப்பதையும் ஒத்துப் பார்ப்பார். "பலகையிலை போண்டா இருக்கு, அலுமாரியிலை இல்லை" என்பார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பலகையையே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. அவருக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. தரகர் கொண்டுவந்த பெண்ணின் குறிப்பை வாங்கியவர் அதோடு விட்டாரா? பெண்ணின் ஊருக்குப் போய், அங்கே சாத்திரியாரிடம் இருந்த மூலக் குறிப்பையும் பார்த்துவிட்டார். பிறந்த வருடம் ஒத்துவரவில்லை. தரகர் பெண்ணைக் கொஞ்சம் இளமையாக்கியிருந்தார். யார் வீட்டில்தான் தரகர் இதைச் செய்வதில்லை? அண்ணையோ இரண்டு குறிப்புகளையும் பெண்ணின் தகப்பன் முன்னால் விரித்து, "இதிலை எது சரி?" என்று கேட்டார். தகப்பன் வெற்றிலைத் தட்டத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அதோடு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அண்ணைக்கு யாரும் பெண் பேசவில்லை.

"நல்ல பிள்ளை, ஐசே" என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார். "எதை ஒத்துப் பாக்கிறது, எதை விடுறதெண்டு எனக்கு அப்ப தெரியேல்லை."  புத்தகத்தைத் திறந்து அடுத்த பெயரை வாசித்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சண்டைக்குத் தப்பி, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம், கோயில், மாமர நிழல், எங்கும் சனம். புத்தூரிலிருந்து அண்ணையும் ஒரு பையோடு வந்து அலுவலக மேசையிலேயே படுக்கத் தொடங்கினார். முகாம்களில் ஒரு பதிவு, விதானைமாரிடம் இன்னொரு பதிவு, மட்டைகளுக்காக எங்களிடம் வேறொன்று. அண்ணைக்குத் தலைக்கு மேல் வேலை.

அப்போதுதான் குருநகர் பிலோமினா வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, சேலையைப் பிடித்தபடி இன்னொன்று. அவளும் புருசனும் பிள்ளைகளும் தெருவால் நடந்து வந்திருக்கிறார்கள். தகப்பன் வஸ்தியாம்பிள்ளை மட்டும், "வள்ளத்தை விட்டிட்டு வரமாட்டன், நான் கடலாலை வாறன்" என்று கொழும்புத்துறைக் கரையிலிருந்து தனியே புறப்பட்டிருக்கிறார். அன்றுவரை ஆளைக் காணவில்லை.

"வந்திருந்தால் புத்தகத்திலை இருப்பார், பிள்ளை" என்றார் அண்ணை நம்பிக்கையோடு.

முகாம் பதிவை நான் வாசிக்க அவர் பார்த்தார். விதானையாரின் பதிவை அவர் வாசிக்க நான் பார்த்தேன். குருநகர் ஆட்களின் பெயர் எதையும் விடவில்லை. பிலோமினா வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்த்தினாள். கடைசியில் அண்ணை பென்சிலைக் காதில் செருகினார்.

"ரெண்டும் ஒத்துது."

"ஒத்துதெண்டால் என்ன கருத்து, ஐயா?"

"ரெண்டிலையும் அவர் இல்லை."

"அப்ப அப்பா இல்லையோ?"

அண்ணை இரண்டு புத்தகங்களையும் பார்த்தார். இத்தனை வருடமும் ஒன்றில் இருந்தும் மற்றதில் இல்லாதவர்களைத்தான் அவர் பிடித்திருந்தார். இரண்டிலும் இல்லாதவர் அவருடைய சிவப்புப் பென்சிலுக்கு அகப்படவே மாட்டார். அது அவருக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு புத்தகங்களையும் மூடினார். வேலை நேரத்தில் அவர் புத்தகம் மூடியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"வாரும் ஐசே. கடல்காரன் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வாறான்?"

சைக்கிள்களில் கச்சாய்க் கரைக்குப் போனோம். கேட்டுக் கேட்டுக் கரையோரமாகவே நடந்தோம். ஒரு தாழை மறைவில் கவிழ்த்துவைத்த வள்ளம், அதன் கீழே வலை பொத்திக்கொண்டு ஒரு கிழவர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வஸ்தியாம்பிள்ளை அண்ணையோ? உங்களைக் காணேல்லையெண்டு மகள் அழுதுகொண்டு திரியிறா."

"என்னைக் காணேல்லையோ? நான் இங்கைதானே கிடக்கிறன். அவளையெல்லோ காணேல்லை."

"ஏன் பதியேல்லை?"

"போனனான் தம்பி. குடும்பத்திலை எத்தினை பேரெண்டு கேட்டாங்கள். நான் ஒராள் எண்டன். தனியாளுக்கு மட்டை இல்லை, குடும்பத்தோடை வாங்கோ எண்டாங்கள். அப்ப குடும்பத்தைத் தேடித் தாங்கோ எண்டன். அது வேறை மேசையாம்."

அண்ணையின் சைக்கிள் பாரில் ஏறி வந்தார் கிழவர். பிலோமினா தகப்பனைக் கண்டதும் முதலில் தோளில் ஓங்கி அடித்தாள், பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதாள். அண்ணை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிள் மணியைத் துடைத்தார்.

கிழவர் ஆறியிருந்த பிறகு கேட்டார்: "தம்பி, உம்மடை ஆக்கள் எங்கை?"

"எனக்கு ஒருத்தரும் இல்லை. நான் தனி."

"அப்ப உமக்கும் மட்டை இல்லையோ?"

அண்ணை சிரித்தார். அது சிரிப்பே அல்ல. ஊர் முழுவதற்கும் அரிசி சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிழவருக்கு ஒட்டியிருந்த அதே கன்னம் இவருக்கும் ஒட்டியிருந்தது. மேசையும் மேசையுமாக இருந்த எங்கள் எவருக்கும் அது தெரியவில்லை.

அடுத்த நாள் தகப்பனைப் பதிவதற்குப் போகும்போது பிலோமினா என்னிடம் வந்தாள். "அந்த ஐயாவின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள். சம்பளப் பட்டியலில் பார்த்திருந்த பெயரைச் சொன்னேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாத முடிவில் வழக்கம்போல் ஒத்துப் பார்க்க உட்கார்ந்தோம். பிலோமினாவின் குடும்பம் வந்தது. "வஸ்தியாம்பிள்ளை, தகப்பன். ஒத்துதோ?" "ஒத்துது." அதற்குக் கீழே அண்ணையின் சொந்தப் பெயர். உறவு என்ற இடத்தில், சிறியதந்தை. வாசித்தேன். புத்தூர்ச் சைவக்காரர் குருநகர் கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளைக்குச் சிறியதந்தையாம். பச்சைப் பொய் என்று தெருநாய்க்கும் தெரியும்.

 சிவப்புப் பென்சில் அந்தரத்தில் நின்றது.

"ஒத்துதோ, அண்ணை?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"ஒத்துது" என்றார். பிறகு மெல்ல, "ஐசே, உந்தப் பக்கத்தை மற்றப்பக்கத்தாலை வாசிக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு நாங்கள் இன்னும் பல தடவை இடம்பெயர்ந்தோம். ஆளுக்கொரு திசை. போய்வருகிறேன் என்றுகூட அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு. அவர் புத்தூருக்கே திரும்பிவிட்டார், தோட்டக் கிணற்றடியில் கண்டோம் என்கிறார்கள் சிலர். கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போய்விட்டார், அங்கே ஒரு தேநீர்க்கடையில் பலகையை வாசித்துக்கொண்டு நின்றார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கதையும் ஒத்துவரவில்லை. இரண்டிலும் அவர் உயிரோடு இருக்கிறார், அது மட்டும் ஒத்துப்போகிறது. அதற்கு மேல் நான் ஒத்துப் பார்க்கவில்லை.