பக்கத்தால் படம் எடுக்காத கிற்றார்

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. எழுதுவது அதைவிடக் குறைவு. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போய்விட்டேன். ஆனால் இந்தக் கிற்றார் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்கிறார்கள். கடைசியாகக் கேட்டபோது பக்கத்து வீட்டுக் கோழியும் செத்துப்போயிருந்தது. கோழி ஒன்றும் சாகவில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அண்ணைக்குப் புற்றுநோய். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அதன் அர்த்தம் எங்களுக்கு விளங்கியது. அண்ணைக்கும் விளங்கியது. குருநகருக்கு வந்து கட்டிலில் படுத்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒருக்கா கிற்றார் வாசிச்சுப் பாக்கவேணும்."

இளந்தாரி வயதில் கோயில் பாட்டுக் குழுவில் வாசித்தவர். அவருடைய கிற்றார் இடம்பெயர்வில் போனது. பிறகு வாங்கவில்லை. வலை வாங்கினோம், எஞ்சின் வாங்கினோம்.

அண்ணையின் மகள் டிலானி போனில் தேடினாள். சண்டிலிப்பாயில் ஒருவர் பழைய கிற்றார் விற்கப் போட்டிருந்தார். படங்கள் எல்லாம் முன்னாலிருந்து எடுத்தவை. பளபளவென்று இருந்தது.

"சித்தப்பா, பக்கத்தாலை ஒரு படம் கேளுங்கோ. கழுத்து வளைஞ்சிருக்கோ எண்டு பாக்கவேணுமாம்."

"பக்கத்தாலையோ? நான் என்ன பொம்பிளையே பாக்கப் போறன்?" என்றேன். (பெரிய பகிடி விட்டதாக நினைப்பு.)

படம் கேட்கவில்லை. அண்ணைக்குச் சொல்லாமல் போனேன். விற்கிறவர் தோட்டக்காரர். மகன் கனடா போய்விட்டானாம். கிற்றார் புகை போட்டுப் புகையிலை உணத்துகிற கொட்டிலில் தொங்கியது. கம்பி தளர்த்தாமல், அந்தப் புகைக்குள், மகன் போன நாளிலிருந்து.

"வாசிச்சுப் பாருங்கோ," என்றார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தது படகு. படகு பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். மரத்தைத் தட்டினேன், நல்ல சத்தம். வயிறு கொஞ்சம் புடைத்திருந்தது. படகுக்கு வயிறு வேண்டும். கழுத்து, படகின் முன்நுனி அணியம் மாதிரி மேலே எழும்பி நின்றது. அதுவும் படகுக்கு நல்லது. மணந்தேன். புகையிலை மணம், பூச்சி அரிக்காது.

கம்பியையும் அமத்திப் பார்த்தேன். பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் சின்ன மீன் நீந்தும். ஆனாலும் சுகமாக அமர்ந்தது. என் கை வலை இழுத்த கை. செருப்புத் தோல் மாதிரி. அதை நான் யோசிக்காமல் காசைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர் நின்றார்கள். அண்ணி முதுகுக்குத் தலையணை வைத்தார். அண்ணை கிற்றாரை மடியில் வைத்துத் தடவினார். கம்பியை அமத்தினார். அமரவில்லை. மற்றக் கையாலும் சேர்த்து அமத்தினார். விரலில் இரத்தம் வந்தது.

அண்ணி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

அண்ணை கிற்றாரைத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, தலைப்பக்கத்திலிருந்து நீளத்துக்குப் பார்த்தார்.

"தம்பி, அம்பு எங்கையடா?"

"என்ன அம்பு?"

"வில்லை வாங்கி வந்திருக்கிறாய். அம்பு தரேல்லையோ?"

பிறகு தன் கிளினிக் அட்டையை எடுத்து, கிற்றாரின் வயிற்றில் கம்பிகளைப் பிடித்திருக்கிற கட்டைக்குக் கீழே செருகினார். அட்டை பாதி உள்ளே போனது.

"கட்டையும் கிளம்பியிட்டுது. விடு தம்பி. காணும்."

காணும், இனிப் போதும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பைபர் படகுகளுக்கு ஓட்டை அடைத்தவன் நான். படகுக்குப் பூசுகிற பசையைக் கட்டைக்குக் கீழே ஊற்றி, மேலே நங்கூரக் கல்லை வைத்தேன். மறுநாள் பாறை மாதிரி இறுகியிருந்தது. கழுத்தையும் கம்பி இழுத்து நிமிர்த்தும் என்று நினைத்தேன். (கம்பிதான் அதை வளைத்தது என்று பிறகு டிலானி சொன்னாள்.) அண்ணைக்கு முன்னால் இருந்து கம்பியை முறுக்கினேன்.

"மெல்ல, மெல்ல," என்றார் அண்ணை.

கடலில் மெல்லக் கட்டினால் அவிழ்ந்துவிடும். இன்னும் ஒரு முறுக்குக் கொடுத்தேன்.

வெடித்தது. பசை விடவில்லை. கட்டை வயிற்றுப் பலகையையும் பிய்த்துக்கொண்டு பறந்து, இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு பல்பை உடைத்தது. அண்ணி சிலுவை போட்டார்.

நான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"தம்பி," என்றார் அண்ணை. "நீ ஒட்டின போட்டிலைதானோ நான் இவ்வளவு காலமும் கடலுக்குப் போனனான்?"

சிரித்தார். இந்த நோய் வருத்தம் வந்தபின் அன்றுதான் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம்.

வேறு கிற்றார் தேடினோம். கிடைக்குமுன் அண்ணை போய்விட்டார். அவர் வாசிக்கவே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும், டிலானிக்கு மாப்பிள்ளைப் படம் வந்தாலும், எல்லாரும் என்னைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான். முதலில் கேட்டது அண்ணி. செத்த வீட்டன்று, மரண அறிவித்தலுக்குப் படம் வாங்க அச்சகக்காரர் வந்திருந்தார். நான் அண்ணையின் படங்களை மேசையில் பரப்பினேன். அதுவரை ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பக்கத்தாலை எடுத்தது ஒண்டும் இல்லையோ?"

டிலானிதான் முதலில் சிரித்தாள். பிறகு அண்ணி. பிறகு நான். அச்சகக்காரர் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். சவப்பெட்டி நடு அறையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.