வாய்க்காலில் மீன் பிடித்த வல்லம்

மரைக்கான்துறை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜனாப் ஹபீப் முகம்மது அவர்களுக்கு, மைத்துனன் முகம்மது யூசுப் எழுதும் மடல். அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் உடல்நலமும் சவூதி வெயிலும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாதிருக்கத் தினமும் துஆ கேட்கிறேன். இங்கு தங்கள் மனைவியும் என் உடன்பிறந்த லாத்தாவுமாகிய கமருன்னிஸா நலம். என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிரக் குறையொன்றுமில்லை.

காரணம் தாங்கள் அறிந்ததே. தாங்கள் பாலைவனத்தில் உழைத்து வாங்கிய மீன்பிடி வல்லம், தடைசெய்யப்பட்ட சிறுகண்ணி வலையோடு கடலில் பிடிபட்டது. பிடித்த மீன்வள ஆய்வாளன் நான். இது இரண்டாவது குற்றம் என்பதால் உரிமத்தை இடைநிறுத்தி, வல்லத்தையும் வலையையும் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது குற்றம் நேர்ந்தால் உரிமம் நிரந்தரமாக ரத்து. அதன்பின் தாங்கள் ஊரோடு வந்துவிட்டாலும் வல்லம் இருக்கும், கடல் இராது. தண்டனை கடுமையாக இருந்தால்தான் கடலில் களவு நிற்கும் என்று லாத்தாவிடம் விதி எண்ணைச் சொல்லி விளக்கினேன்.

"அப்படியா தம்பி? அப்ப நானும் ஒரு தடை போடுறேன். இன்னைலேருந்து என் அடுப்புல ஆக்குன மீனு உன் தட்டுக்கு வராது. நீயும் திருந்தணும்ல?" என்றார்.

மகள் பிரசவத்துக்காக என் வீட்டார் குத்தாலம் போயிருக்கும் சமயம். அன்று முதல் ரசமும் அப்பளமும்தான். அரசின் தடை எதுவும் இத்தனை வேகமாக வேலை செய்து நான் கண்டதில்லை.

நிற்க. வல்லத்தைக் கரையில் விட்டால் தங்கள் ஆட்கள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அரசு நிலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பாசன வாய்க்கால் அரசுப் புறம்போக்கு. ஆகவே டிராக்டரில் ஏற்றி வாய்க்காலுக்குள் இறக்கினேன். கடைமடைக்குத் தண்ணீர் தருவோம் என்று இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆட்சிக்கு வந்து உறுதி கூறிவந்தமையால், தண்ணீர் வராது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. பக்கத்து வயல்காரர் ரெத்தினம் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சார், ஆத்துல தண்ணி வுட்டுட்டாங்க சார்."

"வருஷா வருஷம் விடுறாங்க. இங்க வந்துச்சா?"

"அது வரலீங்க."

"அப்புறம் என்ன?"

கைப்பற்றிய வலை மக்கிப்போகாமல் உலர்த்த வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. ஆகவே அதை வல்லத்தில் கட்டி, கரைக்குக் கரை விரித்து, கல் வைத்து முறையாகக் காயப்போட்டேன். மறுநாள் விடியலில் தண்ணீர் வந்தது. வந்தது என்றால், வல்லத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பி, மடைவாயில் செருகி, வலை உப்பி, விராலும் கெண்டையுமாக அதில் துள்ளி, கீழே உள்ள வயல்களுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாமல் அடைத்து, ஊரே மண்வெட்டியோடு ஓடிவந்து, என் வயலோரம் பிடிபட்ட மீன் எனக்கு என்று மேலக்கரையும், எங்களுக்கு வரவேண்டிய தண்ணீரில் வந்த மீன் எங்களுக்கு என்று கீழக்கரையும் எல்லைக்கல்லைத் தேட, இரண்டு கட்சித் துண்டுகளும் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரே பக்கம் நின்று என்னைத் திட்டின.

"மொதல்ல வலையத் தூக்குங்க சார், நாத்து காயுது!" என்றார் ரெத்தினம்.

"தொடாதீங்க! இது குத்தம் நடந்த எடம்."

"யாரு பண்ணுன குத்தம்?"

"வல்லம்."

"அதுல ஆளே இல்லீங்களே!"

"உரிமம் நிறுத்தி வச்ச வல்லம், ஆளும் இல்லாம மீன் பிடிச்சிருக்கு. இது இன்னும் மோசம்."

ஆனால் வாய்க்கால் கடலாகுமா என்ற சட்டச் சிக்கல் எழுந்தது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் அதுவரை ஏறிவருவதுண்டு. நான் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்புக் கரித்தது. கடல்தான், ஆகவே இது மூன்றாவது குற்றம் என்று அறிவித்தேன்.

"அது ஒங்க வேர்வைங்க சார், மீசையிலேருந்து வழியுது" என்றார் ரெத்தினம். அவரது ஆட்சேபணையைப் பதிவு செய்துகொண்டு நிராகரித்தேன்.

அதன்பின் வலையைத் தூக்கவிட்டு, பிடிபட்ட மீன்களைச் சாட்சிப் பொருளாக ஒரு டிரம்மில் நீர் விட்டுப் பாதுகாத்திருக்கிறேன். டிரம் லாத்தாவுடையது, அவர் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது. மச்சான், தாங்கள் ஊரோடு வந்து தொழில் செய்யக் கனவு கண்ட வல்லத்துக்கு, இம்மடலோடு நிரந்தர ரத்து ஆணையின் நகலை இணைத்துள்ளேன். மூல ஆணை நாளைக் காலை மேலதிகாரிக்குப் போகும். உறவு வேறு, விதி வேறு. மன்னிக்கத் தங்களுக்கு மனம் வராவிட்டால், மன்னிப்பதாக எழுதவாவது செய்யுங்கள். லாத்தாவிடம் காட்ட வேண்டும்.

தங்கள் அறைவாசிகள் அனைவருக்கும் என் சலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த கோபத்தையும் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
மு. யூசுப்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் லாத்தா சட்டியோடு வந்தார். "சாப்புடு தம்பி, தடைய எடுத்துட்டேன்" என்றார். விரால் குழம்பு. நாக்கு செத்திருந்ததால் எதுவும் கேட்காமல் உண்டேன். சட்டி காலியானபின், "எங்க வாங்குனீங்க லாத்தா?" என்றேன்.

"வாங்குனேனா? எல்லாம் உன் டிரம்முலேருந்துதான். மிச்சத்த ரெத்தினம் வீட்டுக்குக் குடுத்து விட்டேன். பாவம், நாத்துக்குத் தண்ணி இல்லாம தவிச்சுச்சு அந்தப் புள்ள."

சாட்சிப் பொருளைத் தின்ற ஆய்வாளன் வழக்கு நடத்த எந்த விதியிலும் இடமில்லை. ஆகவே ஆணையையும் நகலையும் கிழித்துவிட்டேன். இணைப்பைத் தேட வேண்டாம். காய்ந்து வெடித்திருந்த வல்லத்தின் பலகைகள் தண்ணீரில் ஊறி இடுக்கெல்லாம் அடைபட்டுவிட்டன. தாங்கள் தாராளமாக ஊருக்கு வரலாம். களவு மீன் உண்ட குற்றத்துக்காக எனக்கு நானே நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். விளக்கம் தர அவகாசம் கேட்டு, வழங்கியும் விட்டேன். நாளைக்கும் குழம்பு வருமென்று லாத்தா சொல்லியிருக்கிறார்.